ஆறாவது பையில் ஒரு சிரிப்பு

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் சொன்னது ஒரே விஷயம்தான் என்றாலும், ஆல்பத்தின் அட்டை ஒருவருக்கு அரக்கு நிறம், இன்னொருவருக்குக் கரும்பச்சை, மூன்றாமவருக்கு அது நினைவிலேயே இல்லை. நான் அரக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தை நானே பார்த்தேன். அதைப் பற்றி மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சாத்தூரில் செல்வக்குமாரின் பட்டாசுக் கம்பெனி அலுவலகம். பிராங்க்ளின் பையிலிருந்து சாம்பிள் ஆல்பத்தை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தான். முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது மயில் போட்ட கம்பி மத்தாப்பு லேபிள். இருந்தது, அவன் மனைவி ஜெனிட்டா கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருக்கும் படம்.

பட்டென்று மூடினான். அதற்குள் செல்வக்குமாரின் ஆள்காட்டி விரல் உள்ளே போயிருந்தது.

"எண்ணே, விரலு! விரலு!"

"மன்னிச்சிருங்க முதலாளி. இது வேற ஆல்பம். மாத்தி எடுத்தாந்துட்டேன்."

"வேற ஆல்பம்னா அதைத்தானே காட்டணும்? அதே மயிலு, அதே ரோசாப்பூ, அதே கொழுகொழு பாப்பா. வர்ற ஆளெல்லாம் அதைத்தான் காட்டுறாக. தள்ளுங்க கையை."

பிராங்க்ளின் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸுக்கு லேபிள் ஆர்டர் பிடிக்கிறவன். வீடு விருதுநகரில். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்களைக் காட்ட அவர்களிடம் ஒரு வகை ஆல்பம் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பைகள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். லேபிளைச் செருகலாம், உருவலாம். பிரஸ்ஸில் மிஞ்சிய ஒன்றை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனது இரண்டு வருடத்துக்கு முன்பு. மளிகைச் சீட்டுகளைப் போட்டுவைக்க ஆகும் என்று நினைத்தான். ஜெனிட்டா அதில் குடும்பத்தைப் போட்டுவைத்தாள்.

எங்கோ ஒரு நாட்டில் ஒருத்தி இப்படிச் செய்வதை அவள் போனில் பார்த்திருந்தாள். வாரத்துக்கு ஒரு பக்கம். ஒன்பது பையில் ஒரு வாரம். படம், பஸ் டிக்கெட், மகள் ஹெப்சிபாவின் விழுந்த பல், தையல்காரர் கொடுத்த துண்டுத் துணி, இடையிடையே அவள் கையெழுத்தில் சின்னச் சின்ன அட்டைகள். 'இன்று மழை வரும் என்றார்கள். வரவில்லை.' இந்த அட்டை தொடர்ந்து நான்கு வாரம் இருந்தது.

ஜெனிட்டா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாராவது இறந்துபோனால் அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடி வீட்டு ஆட்கள் அல்லாடுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. எழுபது வருடம் வாழ்ந்த மனிதருக்கு வாக்காளர் அட்டையில் ஒரு படம், யாரோ ஒருவர் கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் அரைக் காதோடு ஒரு படம். அவ்வளவுதான் மிஞ்சும். "நம்ம வீட்டுல அப்படி ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் செருக ஆரம்பித்தவள், ஒரு வாரம்கூட விட்டதில்லை.

செல்வக்குமார் புரட்டினார். முதல் இரண்டு பக்கம் சிரித்துக்கொண்டே புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். ஒரு குழந்தை செருப்பை மாற்றிப் போட்டிருந்தது. ஒரு கொடியில் நனைந்த சட்டை தொங்கியது. ஒரு தட்டில் கடித்த வடை. அவர் வீட்டிலும் இதெல்லாம் தினமும் நடக்கிறவைதான். ஆனாலும், இதெல்லாம் தன் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்ததுபோல ஒரு முகம்.

பிறகு ஒரு பக்கத்தில் கை நின்றது. ஆறாவது பை.

அதில் ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே ஒரு பல்கூட இல்லை. கண் மூடியிருந்தது. கழுத்து நரம்புகூடச் சிரித்துக்கொண்டிருந்தது. எழுபது வருடமாக உள்ளே பூட்டிவைத்திருந்ததை ஒரே நொடியில் திறந்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது.

"அண்ணே," என்றார் செல்வக்குமார், குரல் இறங்கி. "யாரு இது?"

அது பிராங்க்ளினின் அப்பா. செல்வநாயகம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் அவரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிறார்கள். சிலர் கார் கண்ணாடியை இறக்குகிறார்கள். அவர் சிரித்துப் பார்த்த மாணவர் யாரும் இல்லை. மகனும் பார்த்ததில்லை. பட்டாசு அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழு வயது ஹெப்சிபா கண்ணை மூடி ஜெபம் செய்தாள். "ஆண்டவரே, தாத்தா பல்செட்டை எங்கன வச்சாகன்னு தாத்தாவுக்கே தெரியல. உமக்கு நேரமிருந்தா காட்டிக்குடும். ஆமென்." அந்த 'நேரமிருந்தா'வில் கிழவர் உடைந்துபோனார். ஜெனிட்டாவின் கையில் போன் இருந்தது.

அடுத்த நிமிடமே அவர் பழைய முகத்துக்கு வந்துவிட்டார். "அந்தப் படத்தை அழிச்சிரும்மா. அது வெளிய எங்கயாச்சும் என் கண்ணுல பட்டுச்சுன்னா, நான் நாசரேத்துக்குப் போயிருவேன்" என்றார்.

நாசரேத்தில் அவர் தங்கை வீடு இருந்தது. அவர் சும்மா சொல்கிறவர் அல்ல. முன்பு ஒருமுறை வாசலில் குயில் கூவுகிற காலிங் பெல் மாட்டியபோது இதையே சொன்னார். மாட்டிய மறுநாள் முதல் பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டார். நாற்பத்தேழு நாள். குயில் தானாகச் செத்த பிறகுதான் வந்தார். அந்த நாற்பத்தேழு நாளும் ஹெப்சிபா ராத்திரியில் தூங்காமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே கிடந்தாள். அவளுக்கு அம்மா ஷிப்டில், அப்பா பஸ்ஸில்; முழுநேரமும் இருக்கிறவர் தாத்தா ஒருவர்தான்.

ஜெனிட்டா படத்தைப் போனில் அழித்தாள். அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பிரதி போட்டுவிட்டாள்.

"சொல்லுங்கண்ணே. யாரு?"

"அப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது. பிராங்க்ளின் வாயிலிருந்து வந்தது இது:

"அது... எங்க பிரஸ் ஸ்டாக்கு படம் முதலாளி. ஏதோ மாடல்."

"அப்ப இதான் என் புஸ்வாணத்துக்கு" என்று சொல்லிப் பையிலிருந்து படத்தை உருவினார் செல்வக்குமார். பிராங்க்ளின் பஸ் ஏறுவதற்குள் அவர் படத்தை ஆள் மூலம் பிரஸ்ஸுக்கு அனுப்பி, பிரஸ் முதலாளிக்குப் போன் செய்து ஆர்டரை உறுதி செய்துவிட்டார்.

செல்வக்குமார் ஒரு படத்தைப் புஸ்வாண லேபிளுக்கு எடுத்துக்கொண்டதை வீட்டில் பிராங்க்ளின் சொல்ல, ஜெனிட்டா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. ஒரு பை மட்டும் காலி.

"எந்தப் படம்ங்க?"

"ஆறாவது பை."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அறையில் செல்வநாயகம் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. அவர் மடித்தால் அது இஸ்திரி போட்டதுபோல இருக்கும்.

"புஸ்வாணப் பெட்டி சின்னதுதான்," என்றான் பிராங்க்ளின். "எம்புட்டு இருக்கும்? ஒரு சாண்கூட இல்ல."

"அது எம்புட்டுப் பேரு கைக்குப் போகும்னு சொல்லுங்க."

முதல் லோடு ஐம்பதாயிரம் லேபிள்.

மறுநாள் பிரஸ்ஸில் டிசைனர் ஆர்த்தியிடம் போனான். ஆர்த்தி படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க அந்த வாய். பிளேட் செய்கிறவர்கள், கட்டிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். மெஷின்மேன் சங்கிலிமுத்துகூடக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தேவி படம், நடிகை படம், சிங்கம், ராக்கெட் என்று தினம் லட்சக்கணக்கில் முகங்களை அடித்துத் தள்ளுகிற இடம் அது. ஒரு முகத்துக்காக அங்கே வேலை நின்றது அன்றைக்குத்தான்.

"ஆர்த்தி, அடையாளம் தெரியாம மாத்தணும். ஒரு தலைப்பாகை வை."

"எதுக்குண்ணே? நல்லாத்தானே இருக்கு."

"வைம்மா."

பழைய ராஜா லேபிள் ஒன்றிலிருந்து தலைப்பாகை எடுத்து வைத்தாள்.

"மீசையும்."

"மீசையா? இந்தச் சிரிப்புக்கு மேலயா? பாவம்ணே."

"பெருசா வை."

ஒரு பயில்வான் லேபிளிலிருந்து மீசை வந்தது. பிராங்க்ளின் தள்ளி நின்று பார்த்தான். அப்பாவே இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டான். ஒப்புதலுக்கான மாதிரி அச்சை, அந்தப் புரூப்பை, எடுத்துக்கொண்டு சாத்தூருக்குப் போனான்.

செல்வக்குமார் அதை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார்.

"மகாராஜா!" என்றார்.

"புஸ்வாணத்துக்கு இது போதுமில்ல முதலாளி?"

"புஸ்வாணமா? இதைப் போய்ப் புஸ்வாணத்துல ஒட்டுறதா? இந்த சீசனுக்கு என் கிப்ட் பாக்ஸ் அம்புட்டும் இதான். 'மகாராஜா' தான் பேரு. ஒரு பெட்டி இம்புட்டு அகலம்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சாணில் இருந்த அப்பா முழத்துக்கு வந்துவிட்டார்.

பிராங்க்ளினுக்குத் தலை சுற்றியது. அந்தச் சுற்றலில்தான் அவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். படத்தை வேண்டாம் என்று செல்வக்குமாரே சொல்லும்படி ஒரு காரணம் வேண்டும். எந்த வியாபாரியும் பயப்படுகிற காரணம்.

"முதலாளி, ஒரு விசயம். சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். அந்தப் பெரியவரு... தவறிட்டாரு. தீபாவளிப் பெட்டியில போய் அப்படி ஒரு படத்தை..."

செல்வக்குமார் எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். பிராங்க்ளினும் எழுந்தான். இரண்டு பேரும் ஒரு முழு நிமிடம் அப்படியே நின்றார்கள். தன் அப்பாவுக்காகத் தான் நிற்கிற அந்த மௌனத்தில் பிராங்க்ளினுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"எந்த ஊரு?"

"மல்... மல்லாங்கிணறு."

"வீட்டுக்கு ஒரு மாலை வாங்கிட்டுப் போவோம். வண்டிய எடுக்கச் சொல்றேன்."

"வேண்டாம் முதலாளி. அவருக்கு வீட்டுல யாரும் கிடையாது. ஒத்த ஆளு."

செல்வக்குமார் புரூப்பைப் பார்த்தார்.

"யாருமே இல்லாத மனுசனாண்ணே இப்படிச் சிரிச்சாரு?"

பிராங்க்ளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அப்ப நாமதான் செய்யணும். பெட்டியில கீழே 'சிரித்து வாழ்ந்த மகாராஜா நினைவாக'ன்னு போடுங்க. ஹைவேஸ்ல நம்ம கடை வாசல்ல இருபதடிக்கு ஒரு பிளக்ஸும் வச்சிருவோம். அனாதையாப் போனவரை ஊரே பாக்கட்டும்."

அன்று இரவு ஜெனிட்டா கேட்டாள். "என்னங்க ஆச்சு? மாத்திட்டாரா?"

"மாத்திட்டாரு."

"அப்பாடா. என்னவா?"

"அப்பா செத்துட்டாக."

ஜெனிட்டா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நீங்க இனிமே ஒண்ணும் பண்ணாதீக. உங்க கால்ல விழுறேன். சும்மா இருங்க."

அவன் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி சாத்தூருக்குப் போய், நினைவும் வேண்டாம், பிளக்ஸும் வேண்டாம் என்று மத்தியானம் வரை கெஞ்சினான். "உங்களுக்கு இரக்கமே இல்லையாண்ணே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் செல்வக்குமார். பிராங்க்ளின் சிவகாசிக்குத் திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் தாளாக, தாளுக்கு நான்கு அப்பாக்கள், தலைப்பாகையோடு வந்து விழுந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன ஆர்த்தி இது? நான் வர்றதுக்குள்ள ஓட்டிட்டீக?"

"புரூப் ஓகே ஆயிருச்சேண்ணே. அதான் ஓட்டச் சொல்லிட்டாக."

செல்வக்குமார் போனிலேயே சரி சொல்லியிருப்பார் என்று பிராங்க்ளின் நினைத்துக்கொண்டான். மெஷின் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் பயந்திருந்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் பயத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்றும் இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். வீட்டில் ஒரே ஒரு நொடி நடந்தது, ஒரே ஒரு பையில் இருந்தது, இப்படி நிற்காமல் பெருகிக்கொண்டே இருக்கிறதே என்று. "நிப்பாட்டணும்னு கை போகலை" என்றான்.

செப்டம்பரில் கடைகள் சீசனுக்குத் திறந்தன. பிளக்ஸ் ஏறியது. ஏறிய இடம் சூலக்கரைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டுக்கு மேற்கே. செப்டம்பர்தான் செல்வநாயகத்துக்குப் பென்ஷன் நேர்காணல் மாதமும். சூலக்கரைக் கருவூலத்துக்கு நேரில் போய், தான் உயிரோடு இருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் கூட வாரேன்ப்பா" என்றான் பிராங்க்ளின்.

"எதுக்குலே? போன வருசமெல்லாம் நான் தனியாத்தானே போய் உயிரோட இருந்தேன்?"

"இல்லப்பா, வெயிலு."

"விருதுநகர்ல எப்பலே வெயில் இல்ல?"

ஜெனிட்டா திட்டம் போட்டுக் கொடுத்தாள். டவுன் பஸ்ஸில் கிழக்குப் பக்க ஜன்னல். கையில் அன்றைய பேப்பர். பிளக்ஸ் பக்கம் பிராங்க்ளின் உடம்பு மறைத்துக்கொள்ளும். எல்லாம் சரியாகவே நடந்தது, ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கும்வரை. பஸ் நின்றது. நின்ற இடம் பிளக்ஸுக்கு நேர் எதிரே. செல்வநாயகம் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மகனின் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

இருபதடி உயரத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். காலை வெயில் நேராக முகத்தில் விழுந்திருந்தது. சுற்றிலும் புஸ்வாணப் பொறி. மீசை ஆளைவிட அகலமாக இருந்தது. கீழே ஆளுயர எழுத்தில், சிரித்து வாழ்ந்த மகாராஜா நினைவாக.

ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி தன்னை அறியாமல் சிரித்தாள். அவளைப் பார்த்துக் குழந்தை சிரித்தது. முன் சீட்டில் வற்றல் மூட்டையோடு இருந்த கோட்டைச்சாமி என்கிறவர் திரும்பிச் செல்வநாயகத்திடம், "யாரோ பெரிய மனுசரு போல. சிரிச்ச முகமாப் போய்ச் சேந்துட்டாரு பாருங்க" என்றார்.

ஆடுகள் போய் முடிந்தன. பஸ் கிளம்பியது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "குடுத்து வச்சவரு" என்றார் செல்வநாயகம்.

பிராங்க்ளினுக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. மீசை காப்பாற்றிவிட்டது.

கருவூலத்தில் கற்பகவல்லி என்கிற அம்மாள் பென்ஷன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். செல்வநாயகத்தைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"சார், உங்களை எங்கயோ பாத்திருக்கேன்."

"போன செப்டம்பர்ல பாத்திருப்பீக."

"இல்ல சார், இப்போ... ரெண்டு மூணு நாளா தினம் பாக்குற மாதிரி இருக்கு. காலையில பஸ்ல வரும்போதுகூட..."

"மேடம், கையெழுத்து எங்க போடணும்?" என்று குறுக்கே விழுந்தான் பிராங்க்ளின்.

"உங்களை நான் கேக்கலையே சார். உயிரோட இருக்காரான்னு அவரைத்தானே கேக்கணும்."

"இருக்கேன்" என்றார் செல்வநாயகம். கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து ஜெனிட்டாவிடம் சொன்னபோது அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அது அவர்கள் சபை வழக்கமே இல்லை. ஆனால் அந்த நிம்மதி சனிக்கிழமை சாயங்காலம் வரைதான். பக்கத்து வீட்டில் கிப்ட் பாக்ஸ் வாங்கியிருந்தார்கள். காலிப் பெட்டியை ஹெப்சிபா தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"தாத்தா! தாத்தா! இங்க பாருங்க, நீங்க!"

ஜெனிட்டாவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. பிராங்க்ளின் பெட்டியைப் பிடுங்கப் பாய்ந்தான். "அது தாத்தா இல்லடி. மீசையைப் பாரு."

"மீசைக்குக் கீழே தாத்தாதானே இருக்காக?"

"கொண்டா பாப்போம்" என்றார் செல்வநாயகம்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார். டிரங்குப் பெட்டி பரண்மேல் இருந்தது. பிராங்க்ளினின் கண் தானாக அங்கே போய்விட்டு வந்தது. நாசரேத்துக்கு முதல் பஸ் நாலரைக்கு.

"இது வேற ஆளும்மா," என்றார் கிழவர். "செத்துப்போனவரு. கீழே எழுதியிருக்கு பாரு, நினைவாகன்னு."

"நினைவாகன்னா என்ன தாத்தா?"

"மறக்காம வச்சிருக்கிறது."

"அப்ப செத்தாத்தான் வச்சிருப்பாகளா?"

கிழவர் யோசித்தார். "தெரியல" என்றார். தலைமையாசிரியர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. பிறகு பெட்டியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

தீபாவளி வந்தது. மகாராஜா எங்கெங்கோ போனார். எத்தனை வீட்டு நடுக்கூடத்தில் அந்தப் பெட்டி திறக்கப்பட்டது, எத்தனை குழந்தைகள் அந்த வாயைப் பார்த்துத் தாங்களும் வாயைத் திறந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? விருதுநகரில் அந்த இரவு முழுக்க வானம் பூத்துக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சாத்துகிற ஜன்னல்களைச் செல்வநாயகம் அன்று சாத்தவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்றார்.

இனி, அவரவர் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். செல்வக்குமார் இந்த வருடமும் மகாராஜாதான் போடுகிறார். மயில் பக்கம் திரும்பவில்லை. அந்த அசல் படத்தைக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். நான் பார்த்தது அங்கேதான். ஆர்த்தி கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். ஹெப்சிபா மூன்றாம் வகுப்பு. தனக்கு இரண்டு தாத்தா, ஒருவர் மகாராஜா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். ஜெனிட்டா மூன்றாவது ஆல்பத்துக்கு வந்துவிட்டாள். மழை அட்டை இன்னும் வருகிறது. பிராங்க்ளின் அதே பிரஸ்ஸில் அதே வேலை பார்க்கிறான். வீட்டு ஆல்பத்தை இப்போது பீரோவில் வைத்துப் பூட்டுகிறான். செல்வநாயகம் நாசரேத்துக்குப் போகவில்லை. யார் முன்னாலும் மறுபடி சிரிக்கவும் இல்லை.

மெஷின்மேன் சங்கிலிமுத்து போன மாதம் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். கடைசி நாள் எல்லோரோடும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர், பிராங்க்ளினைப் பார்த்துக் கேட்டார்:

"அப்பா சௌக்கியமா தம்பி? மகாராஜா புரூப் வந்த அன்னைக்கு, நீங்க சாத்தூர் போயிருந்த நேரம், இங்கன ஒரு கல்யாணத்துக்கு வந்தவுக உங்களைத் தேடி உள்ள வந்தாக. புரூப்பைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாக. 'நினைவாக'ல நாங்க மூணு சுழி போட்டிருந்ததைச் சிவப்பு மையால ரெண்டு சுழியாத் திருத்திட்டு, 'மற்றதெல்லாம் சரி, அச்சிடலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனாகளே, உங்ககிட்டச் சொல்லலையா?"